அம்மிச்சியின் ரேகையும் ரேஷன் மிஷினும்

எங்க அம்மிச்சிக்கு 78 வயசு. உடுமலைப்பேட்டையில தனியா இருக்காங்க. மாமா திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லர், லைன் வீட்டுல குடித்தனம். "வந்துரும்மா"ன்னு அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் கூப்பிடுவார். "எனக்கு இங்கயே சௌரியமா இருக்குது சாமி"ன்னு சொல்லிடுவாங்க. அந்தச் சௌரியம் வீட்டு வாசலுக்கு வர்ற ரெண்டு விஷயத்துல நிக்குது.

ஒண்ணு மாத்திரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம். சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பார். தேவைப்பட்டால் பிசியோதெரபிஸ்ட்டும் வருவார். பஸ் ஏறி வரிசையில நிக்கிற வேலை மிச்சம். அதைவிட முக்கியம், அம்மிச்சிக்குக் கால் வீங்கியிருந்ததை முதல்ல கவனிச்சது அந்த அக்காதான். வாரம் தவறாம போன் பண்ற நாங்க இல்ல.

இன்னொண்ணு ரேஷன். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கியது. வண்டியில எடைத்தராசும் கைரேகை மிஷினும் கூடவே வரும். இங்கதான் நம்ம பாடம் வருது.

மிஷின் விரலை நேரடியா அடையாளம் கண்டுபிடிக்கிறதில்ல. ஏற்கெனவே பதிவான ரேகையோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஒரு மதிப்பெண் போடும். அது 'த்ரெஷோல்டு'க்கு மேல இருந்தா அனுமதி. த்ரெஷோல்டை ஏத்தினா ஏமாத்துறது கஷ்டம், ஆனா உண்மையான ஆளையே நிராகரிக்கும். இறக்கினா தலைகீழ். வயசானா தோல் காய்ஞ்சு, ரேகையோட மேடு பள்ளம் தேய்ஞ்சிடும். அம்மிச்சி காலம் பூரா தோட்டத்துல களை எடுத்த கை வேற. மதிப்பெண் எப்படி வரும்? கடை வாசலுக்கு வந்துடுச்சு, விரல் அதே விரல்தானே! திட்டம் யாருக்காகவோ, மிஷின் தடுமாறுறதும் அவங்ககிட்டதான்.

இதைக் குறையா சொல்ல எனக்கும் தகுதி கம்மி. போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்ல நாங்க செஞ்ச கைரேகைப் பூட்டு அருமையா வேலை செஞ்சுது. டெஸ்ட் பண்ணினது முழுக்க எங்க கிளாஸ் பசங்க விரல்.

தமிழக ரேஷன் கடைகள்ல கருவிழி ஸ்கேனரும் வந்திருக்கு. அது நல்ல மாற்று. தேயாத உறுப்பைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. ஆனாலும் இமை தொங்கினாலோ கை நடுங்கினாலோ அங்கேயும் சிக்கல்தான். அதனால ஒரே வழியை மட்டும் நம்பாம, ரெண்டு மூணு வழி வச்சு டிசைன் பண்ணணும்.

போன மாசம் அம்மிச்சிக்கு அஞ்சாவது முறைதான் எடுத்துச்சு. அதுவரைக்கும் திண்ணையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. இப்ப வண்டி வர்ற நாள் காலையில பாத்திரம் தேய்க்கிறதில்ல. விரல் ஊறிப்போயிடுமாம்.