நாகூர் சாலையில் ஒரு தொழுகைக்கூடம்: பினாங்கு யூதர்களும் ஹனுக்கா விளக்கு வழிபாடும்

முன்னுரை

பினாங்கில் வாழும் தமிழர்களுக்கு நாகூர் என்னும் பெயர் புதியதன்று. ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்காவை அறியாதவர் குறைவு. நகரின் மற்றொரு பகுதியில் நாகூர் சாலை என்று ஒரு சாலையும் உண்டு. பாலிக் புலாவில் பிறந்து வளர்ந்த நான், ஜாதிக்காய்த் தோப்புகளையும் டுரியான் தோட்டங்களையும் கடந்து மலைச்சாலை வழியாகப் பேருந்தில் நகருக்கு வரும்போதெல்லாம் அந்தச் சாலையில் நடந்திருக்கிறேன். அங்கே 28ஆம் எண் கட்டடத்தில் 1929 முதல் 1976 வரை ஒரு யூதத் தொழுகைக்கூடம் இயங்கியது என்ற செய்தியைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகே அறிந்தேன். தமிழக ஊரின் பெயரைத் தாங்கிய சாலையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் எபிரேய மொழியில் வழிபாடு நடந்திருக்கிறது.

அந்தத் தொழுகைக்கூடத்தைப் போரோ தீயோ அழிக்கவில்லை. வழிபாட்டுக்குப் பத்துப் பேர் சேராததால் அது மூடப்பட்டது. இச்செய்தியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். யூதர்களின் விளக்குத் திருவிழாவாகிய ஹனுக்காவின் வழிபாட்டு முறைகளை விளக்கி, அதன் வழியே ஒரு சிறுபான்மைச் சமூகம் எதனால் நிலைக்கிறது, எதனால் மறைகிறது என்பதைச் சிந்திப்பதே இதன் நோக்கமாகும்.

தமிழர்க்கும் யூதர்க்கும் உள்ள பழந்தொடர்பு

யூதர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். எபிரேய வேதத்தில் சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் சொல், தமிழின் 'தோகை' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பது கால்டுவெல் உள்ளிட்ட அறிஞர் பலரின் கருத்து. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அவ்வுரிமைகளுள் ஒன்று 'பகல் விளக்கு'. பகற்பொழுதிலும் விளக்கேந்திச் செல்லும் சிறப்பு அது. விளக்கு அவர்களுக்கும் பெருமையின் அடையாளமாக இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. சென்னையின் பவளக்காரத் தெரு என்னும் பெயரும் 17ஆம் நூற்றாண்டில் அங்கு பவளமும் வைரமும் வணிகம் செய்த யூதர்களை நினைவூட்டுவதாகும்.

பினாங்கு யூதர்கள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் துறைமுகம் அமைத்த பின், பல இனத்து வணிகர்கள் இங்கு வந்து குடியேறினர். சூலியர், ஆர்மீனியர், பார்சிகள் ஆகியோரோடு யூதர்களும் வந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பாக்தாத்திலிருந்து பம்பாய், கல்கத்தா வழியாகக் கிழக்கு நோக்கி நகர்ந்த வணிகக் குடும்பத்தினர். ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், சாங்காய் என்று நீண்ட அந்த வணிக வழியில் பினாங்கும் ஒரு நிறுத்தமாக விளங்கியது.

இன்று ஜாலான் சைனல் அபிடின் என்று அழைக்கப்படும் சாலைக்கு முன்னாளில் யூதர் சாலை என்னும் பொருள்பட 'ஜாலான் யகூடி' என்று பெயர். அங்குள்ள யூதர் இடுகாடு 1805இல் தொடங்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அங்கே காணப்படும் மிகப் பழைய கல்லறை 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ நூறு கல்லறைகள் அங்கு உள்ளன. 1941 அக்டோபரில் விபத்தொன்றில் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் இளம் அதிகாரி ஒருவரின் கல்லறையும் அவற்றுள் ஒன்று.

1899ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பினாங்கில் 172 யூதர்கள் வாழ்ந்தனர். 1941இல் நிலையாக வாழ்ந்தோர் ஏறத்தாழ 30 பேர் மட்டுமே. ஜப்பானியர் படையெடுப்பின்போது பலர் சிங்கப்பூருக்கு வெளியேறினர். போருக்குப் பின் ஆஸ்திரேலியா, இஸ்ரேல், அமெரிக்கா எனக் குடும்பங்கள் சிதறின. 1976இல் நாகூர் சாலைத் தொழுகைக்கூடத்தின் கதவு மூடப்பட்டது. ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியின் பொது மேலாளராகப் பணியாற்றியவரும் பினாங்கின் கடைசி யூதர் எனக் குறிப்பிடப்படுபவருமான டேவிட் மொர்தெகாய் 2011இல் காலமாகி அவ்விடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஹனுக்காவின் வரலாறு

'ஹனுக்கா' என்னும் எபிரேயச் சொல்லுக்கு அர்ப்பணிப்பு அல்லது திருநிலைப்படுத்துதல் என்பது பொருள். நம் வழக்கில் கூறுவதாயின், மாசுபட்ட கோயிலைத் தூய்மைப்படுத்தி மீண்டும் செய்யும் குடமுழுக்கை இதனோடு ஒப்பிடலாம்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூதேயா நாடு, சிரியாவைத் தளமாகக் கொண்ட கிரேக்கச் செலூக்கிய அரசின் கீழ் இருந்தது. அவ்வரசின் மன்னன் நான்காம் அந்தியோக்கு யூதர்களின் சமய வழக்கங்களைத் தடை செய்தான். கி.மு. 167இல் எருசலேம் திருக்கோயிலில் வேற்றுத் தெய்வத்துக்குப் பலி இடப்பட்டது. இதை எதிர்த்து ஒரு குருவின் குடும்பம் போர்க்கொடி உயர்த்தியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த யூதா மக்கபேயின் தலைமையில் போராடியவர்கள் கி.மு. 164இல் கோயிலை மீட்டுத் தூய்மை செய்தனர். இதுவே விழாவின் வரலாற்று அடிப்படை.

விளக்குக் கதை பின்னால் வருகிறது. மீட்கப்பட்ட கோயிலில் ஒரே ஒரு நாளுக்குப் போதுமான தூய எண்ணெய் மட்டும் ஒரு குப்பியில் கிடைத்ததாகவும், அது எட்டு நாள்கள் எரிந்ததாகவும் தல்மூத் என்னும் நூல் கூறுகிறது. போரை விரிவாகச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் இரண்டிலும் இந்த எண்ணெய்க் குப்பிச் செய்தி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வாளின் வெற்றியைக் காட்டிலும் விளக்கின் வியப்பே பிற்கால மக்களின் நெஞ்சில் நின்றது எனலாம்.

வீட்டு வழிபாடு

ஹனுக்கா, யூத நாள்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள்கள் நடைபெறும். பெரும்பாலும் டிசம்பரிலும் சில ஆண்டுகளில் நவம்பர் இறுதியிலும் வரும். யூத மாதம் அமாவாசையை அடுத்துத் தோன்றும் பிறையோடு பிறப்பதால், 25ஆம் நாள் என்பது தேய்பிறையின் கடைப்பகுதியாகும். நம் கார்த்திகை தீபம் முழுநிலவில் வருகிறது. ஹனுக்காவோ தீபாவளியைப் போல இருண்ட இரவுகளைத் தேர்ந்து கொள்கிறது.

விளக்கில் எட்டுச் சுடர்களுக்கு இடம் உண்டு. அவற்றோடு 'ஷமாஷ்', அதாவது பணியாள், எனப்படும் ஒன்பதாவது சுடரும் உண்டு. முதல் இரவு ஒரு சுடர், இரண்டாம் இரவு இரண்டு, எட்டாம் இரவு எட்டு என்று ஏற்றுவர். பணியாள் சுடரை நீக்கிக் கணக்கிட்டால் விழா முழுவதும் 36 சுடர்கள். சுடர்களை வலமிருந்து இடமாக அமைத்து, அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த சுடரை முதலில் ஏற்றுவது மரபு.

இவ்வரிசையைப் பற்றிப் பழங்காலத்தில் ஒரு விவாதம் நடந்தது. முதல் நாள் எட்டில் தொடங்கி நாள்தோறும் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் வழியினரின் பள்ளி. ஒன்றில் தொடங்கி நாள்தோறும் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்றது ஹில்லேல் வழியினரின் பள்ளி. புனிதத்தில் ஏற வேண்டுமேயன்றி இறங்கக்கூடாது என்னும் காரணத்தால் ஹில்லேலின் முறையே நிலைபெற்றது.

இந்தச் சுடர்களின் ஒளியில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. அவை காண்பதற்கு மட்டுமே உரியவை. வேறு ஒளி வேண்டும் என்பதற்காகவே பணியாள் சுடர் தனியே நிற்கிறது. நடந்த வியப்பை உலகறியச் செய்வதே விளக்கின் நோக்கமாதலால், அதைத் தெருவாசலிலோ சன்னலிலோ வைக்க வேண்டும் என்பது விதி. ஆபத்தான காலமாயின் வீட்டுக்குள் மேசைமீது வைத்தாலே போதும் என்றும் அதே விதி கூறுகிறது. பல நாடுகளில் அஞ்சி வாழ்ந்த ஒரு சமூகத்தின் வரலாறு இந்த ஒரு விதிவிலக்கில் அடங்கியிருக்கிறது.

ஐரோப்பிய யூதர்களிடையே வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே விளக்கேற்றுவது பரவலான வழக்கம். பாக்தாத் யூதர்கள் பின்பற்றும் செபார்தி மரபில் குடும்பத்துக்கு ஒரே விளக்கு. எண்ணெயின் நினைவாக எண்ணெயில் பொரித்த பண்டங்கள் இடம்பெறும். ஈராக்கிய யூதர்கள் ஜிலேபியை ஒத்த 'சங்கூலா' என்னும் இனிப்பைச் செய்வர். கொச்சி யூதர்களோ நெய்யப்பம் சுட்டனர்! விழாவின் பொருள் மாறாமல் பண்டம் மட்டும் ஊருக்கேற்ப மாறியதை இதில் காண்கிறோம்.

கூட்டு வழிபாடு

வீட்டில் விளக்கேற்ற ஒருவர் போதும். முதல் இரவு மூன்று வாழ்த்துரைகள், மற்ற இரவுகளில் இரண்டு. அவற்றைத் தனியே நின்றும் சொல்லலாம்.

தொழுகைக்கூடத்தில் அவ்வாறன்று. எட்டு நாள்களும் காலையில் ஹல்லேல் எனப்படும் துதிப்பாடல் தொகுதி ஓதப்படும். மக்கபேயரின் மீட்பை நினைவுகூரும் நன்றியுரை அன்றாட மன்றாட்டில் சேர்க்கப்படும். பேழையிலிருந்து தோராச் சுருளை எடுத்து, பாலைவனத்தில் குலத்தலைவர்கள் நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டுவந்த பகுதியை நாள்தோறும் வாசிப்பர். இவ்வாசிப்புக்குப் பத்துப் பேர் வேண்டும். மரபுவழிச் சபைகளில் 13 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர். இதற்கு 'மின்யான்' என்று பெயர். தற்காலச் சீர்திருத்தச் சபைகள் பெண்களையும் கணக்கில் கொள்கின்றன. இறந்தோருக்காகச் சொல்லப்படும் கதீஷ் மன்றாட்டுக்கும் இதே பத்துப் பேர் தேவை. செல்வந்தர் ஒன்பது பேர் கூடினாலும் அது மின்யான் ஆகாது. பத்தாவதாக ஓர் ஏழை வந்து நின்றால் வழிபாடு தொடங்கிவிடும்.

நாகூர் சாலையில் குறைந்தது இந்தப் பத்துத்தான். கட்டடம் இருந்தது. வேதம் மாறவில்லை. வந்து நிற்க ஆள் இல்லை.

நாம் பெறும் பாடம்

மேற்கூறியவற்றால் ஒரு சமூகத்தின் வாழ்வு இரு தூண்களின்மேல் நிற்பதை உணர்கிறோம். ஒன்று வீடு, மற்றொன்று கூடம். வீட்டு விளக்குக்கு எண்ணிக்கை தேவையில்லை. எனவே ஒரே குடும்பம் எஞ்சினாலும் அது எரியும். ஆனால் கூடம் மறைந்த ஊரில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தர ஆசிரியர் இல்லை. இறந்தவருக்குக் கதீஷ் சொல்லவும் ஆளில்லை. அடுத்த தலைமுறை கூடம் உள்ள ஊரைத் தேடிப் போய்விடும். பினாங்கில் நிகழ்ந்ததும் இதுவே.

நம் மொழிக்கும் இது பொருந்தும். என் பாட்டி பாலிக் புலாவில் கார்த்திகைக்கு வாசலில் அகல் வைத்து, விளக்கின் கதையை எங்களுக்குத் தமிழில் சொன்னார். அது வீட்டுத் தமிழ். அதைப் படிக்கவும் எழுதவும் எனக்குக் கற்பித்தது தமிழ்ப்பள்ளி. மாணவர் எண்ணிக்கை குறையும் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய கவலை நமக்குப் புதியதன்று. நம் மொழிக்கழகக் கூட்டங்களிலும் போதிய உறுப்பினர் வருவதற்காகக் காத்திருந்து, விடுதி அறைகளின் கதவைத் தட்டி அழைத்து வந்த நாள்கள் உண்டு. அன்று அதைச் சலிப்பூட்டும் வேலையாகக் கருதினேன். இன்று அப்படி எண்ணவில்லை.

மலேசியத் தமிழர்களின் எண்ணிக்கை பினாங்கு யூதர்களோடு ஒப்பிடத் தக்கதன்று. நாம் இலட்சக்கணக்கில் இருக்கிறோம். எனினும் எண்ணிக்கை வேறு, வருகை வேறு. 'நான் ஒருவன் போகாவிட்டால் என்ன?' என்று பத்துப் பேர் எண்ணினால் எந்தக் கூடமும் இருண்டுவிடும்.

முடிவுரை

ஹில்லேலின் வழி வந்தோர் காட்டியது எளிய முறை. முதல் இரவில் ஒரு சுடர் போதும். மறுநாள் மேலும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மொழிக்கழகப் பணியும் அத்தகையதே. அடுத்த முறை ஜார்ஜ்டவுனுக்குச் செல்லும் நண்பர்கள் நாகூர் சாலையில் சற்றே நின்று, அங்கு நாற்பத்தேழு ஆண்டுகள் நடந்த வழிபாட்டை நினைத்துப் பாருங்கள். பிறகு கழகக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். வரும்போது இன்னும் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.