கழுத்தோரத்து முக்கோணம்

அன்புள்ள அம்மணிக்கு,

பின்னலாடை வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்திருக்கிறாய். இன்றைய சந்தை நிலவரப்படி, கூடிய சீக்கிரம் ஒரு 'ரெட்ரோ' சாம்பிள் உன் மேசைக்கு வந்துவிடும். அது பழைய அமெரிக்கக் கல்லூரிப் பாணி ஸ்வெட்சர்ட்டாக இருந்தால், கழுத்துக்குக் கீழே நட்டநடுவில் சின்ன முக்கோணம் ஒன்றைப் பார்ப்பாய். ஒரு காலத்தில் அந்த முக்கோணத்துக்கு வேலை இருந்தது. தலை நுழையும்போது கழுத்து விரிந்து கொடுக்கவும், நெஞ்சுக்கு இறங்கும் வியர்வையை வாங்கிக்கொள்ளவும், அந்த இடத்தை வெட்டி ரிப் துணியை வைத்துத் தைத்தார்கள். இன்று பெரும்பாலும் துண்டும் இல்லை, வெட்டும் இல்லை. ஃப்ளாட்லாக் தையலில் ஓட்டிய கோடு மட்டும் இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பழையதைப் புதுப்பிக்க உட்காருகிறவர், அது ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே பென்சிலை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று தெரிந்தால்தான் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவுகட்ட முடியும்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு 2009-இல் கொண்டுவந்த 'கிளாசிக்' வண்டியைக் கவனி. டேங்கின் வளைவு, ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கை, ஒற்றை சிலிண்டரின் தடதடப்பு எல்லாம் ஐம்பதுகளின் சாயல். உள்ளே வார்ப்பிரும்பு எஞ்சினும் தனி கியர்பெட்டியும் போய், இரண்டும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புது எஞ்சின் வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும். அந்தக் கம்பெனியின் பழைய புல்லட்டை ஓட்டியவர் எதை விரும்பினார், எதைப் பொறுத்துக்கொண்டார் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆயில் ஒழுகுவதையும் சேர்த்துப் பாதுகாக்கவில்லை! வாங்க ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2013-இல் ஒரகடத்தில் புது ஆலையே தேவைப்பட்டது.

நம் ஊர்ச் சரக்குக்கு வருவோம். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் கேட்டு வந்ததற்கு முன்பு, திருப்பூரின் பிழைப்பு உள்நாட்டுப் பனியனில்தான் ஓடியது. உடம்பு அளவுக்கே டயா (விட்டம்) உள்ள வட்டப் பின்னல் எந்திரத்தில் துணி குழாயாக இறங்கும். அதை அப்படியே வெட்டிக் கழுத்தும் கையும் வைத்தால் பனியன். பக்கவாட்டில் தையல் கிடையாது. விலாவில் உறுத்தாது, நூலும் ஆள்கூலியும் மிச்சம். இன்னொரு நன்மையைப் பலர் யோசிப்பதில்லை. சிங்கிள் ஜெர்சி துணிக்குத் துவைத்தால் முறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு. பக்கத் தையல் போட்ட சட்டையில் அந்தத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வந்து குறையைக் காட்டிக்கொடுக்கும். குழாய்ப் பனியனில் காட்டிக்கொடுக்கத் தையலே இல்லை. ஜப்பானின் வாகயாமாவில் 'லூப்வீல்' எனும் பழைய எந்திரங்களை இன்னும் ஓட்டுகிறார்கள். மணிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் துணிதான் இறங்கும். இழுவிசை இல்லாமல் மெல்லப் பின்னுவதால் வரும் மென்மையையும், பக்கத் தையல் இல்லாத உடலையும் சொல்லியே அந்தச் சட்டையை உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். நாம் உள்ளாடை என்று கடையின் பின்வரிசையில் அடுக்கியிருப்பதும் அந்தக் குழாயின் உறவுதான்.

இதற்கு நேர்மாறானது, பழமையை மேலே பூசுவது. கழுத்து நைந்தாற்போல, நிறம் வெளிறினாற்போல ஒரு டி-சர்ட் வேண்டும் என்பார்கள். துணிக்கு அடர்சாயம் ஏற்றி, பிறகு என்சைமிலோ பெர்மாங்கனேட்டில் நனைத்த கற்களிலோ புரட்டி, ஏற்றியதையே இறக்க வேண்டும். வேறு ஊரில் இது வெறும் செலவுக் கணக்கு. நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பூரில் அப்படிப் பார்க்க முடியாது. சாயக்கழிவு ஆற்றில் கலந்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன்பின், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி சுத்திகரித்தால்தான் பட்டறை ஓட்டலாம் என்றானது. ஒவ்வொரு கூடுதல் கழுவலும் சவ்வு வடிகட்டிக்கும் ஆவியாக்கிக்கும் போகிறது. மின்சாரமும் விறகும் தின்கிறது. மிஞ்சும் கசடை எங்கே கொட்டுவது என்பது வேறு தலைவலி. பழைய தோற்றமே வேண்டுமென்றால் சாம்பல் கலப்பு நூலான கிரே மெலாஞ்ச் இருக்கிறது, வெளுக்காத கோரா நிறம் இருக்கிறது. இரண்டும் அந்தக் காலத்து விளையாட்டுச் சட்டைகளின் நிறங்கள்தான்; துணிக்குச் சாயமேற்றும் வேலையே மிச்சம்.

"பையர் டெக் பேக்கில் எழுதியதைத் தைப்பதுதானே நம் வேலை?" என்று நீ கேட்கலாம். பாதி உண்மை. அளவும் அச்சும் அவர்கள் முடிவு. ஆனால் எந்த நூல், எந்த டயா, எந்த ஜிஎஸ்எம் (துணியின் எடை) என்பது பல நேரம் இங்கே சாம்பிள் போடும்போதுதான் உறுதியாகிறது. காரணத்தோடும் விலையோடும் மாற்று சாம்பிள் ஒன்றைச் சேர்த்து அனுப்பும் மெர்ச்சண்டைசரின் பேச்சு எடுபடும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள் எண்பதுகளின் சட்டையை வாங்குவது நினைவால் அல்லவே, தோற்றத்துக்காகத்தானே? ஆமாம், அதில் குற்றமில்லை. ஆனால் தோற்றத்தை மட்டும் விற்றால் அடுத்த சீசனில் பங்களாதேஷ் அதையே மலிவாகக் கொடுக்கும். ஐரோப்பாவில் அவர்களுக்கு வரியில்லா நுழைவு உண்டு. விலையில் அங்கே முந்துவது கடினம், துணியறிவில் முந்தலாம்.

இதற்காகப் பழையதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் காலத்துப் பனியன் முதல் சலவையிலேயே குட்டையாகும். துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் காம்பாக்டிங் வந்து அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது, அதை விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டியதில்லை. குழாய்ப் பின்னலுக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு சைஸுக்கும் வேறு டயா எந்திரம் வேண்டும் என்பதால் சின்ன ஆர்டருக்குக் கட்டுப்படியாகாது. இடுப்பு ஒடுங்கிய பெண்கள் டாப்புக்குப் பக்கத் தையல் போட்டே ஆக வேண்டும். லூஸாக விழும் ஆண்கள் சட்டை, குழந்தைகள் பனியன், இரவு உடை இவற்றில் முதலில் முயன்று பார்.

அன்புடன்,
மாமா