வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

பிளவக்கல்லில் அணைப் பக்கம் வயதான அத்தாவும் அம்மாவும் தனியாக. மகன் ராஜபாளையத்தில், மாடி வீட்டில். "இங்கேயே வந்துருங்க" என்று மகன் அழைப்பதும், ஊர் வீட்டை அவர் பேருக்கு எழுதிவிடுவதும் நம் குடும்பங்களில் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன. இவை இரண்டும் வேறு வேறு முடிவுகள்.

தங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மாடிப்படி ஏற முடியவில்லை, பள்ளிவாசல் தூரம் என்றால் திரும்பி வரலாம். திரும்பி வர வீடு இருக்க வேண்டுமே! இரண்டு மூன்று மாதம் தங்கிப் பாருங்கள்; பத்திரம் காத்திருக்கட்டும்.

எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். 60 வயது நிறைந்தவர், தம்மைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது கோட்டாட்சியரின் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்ட முடியாமல் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தாய் தோற்றார். 2025 ஜனவரியில் இன்னொரு தாய் வென்றார். மகன் பார்த்துக்கொள்வான் என்ற எழுத்து அவர் கையில் இருந்தது.

ஹிபாவில் இன்னும் கவனம் வேண்டும். வாயால் சொல்லி, பெற்றவர் ஏற்று, சொத்தை ஒப்படைத்துவிட்டாலே அது செல்லும். நிபந்தனை போடுவது பற்றி ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சொத்தே இல்லாத பெற்றோரும் பிள்ளைகளிடமிருந்து மாதப் பராமரிப்புத் தொகை கேட்டு அதே தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.