கிளிக் வீதம் குறைந்ததென்று கவலைப்படும் தம்பிக்கு



ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் கோபுரத்தைப் பற்றிய உம்முடைய யூரியூப் காணொளிக்கு முதல்நாள் ஒன்பது வீதம் கிளிக் வந்தது, ஒரு கிழமைக்குள் நாலுக்கு இறங்கிவிட்டது, சனலை மூடிவிடலாமோ என்று எழுதியிருந்தீர். மூடாதேயும்.

கிளிக் வீதம் உமக்குப் போட்ட புள்ளி இல்லை. முகப்புப் படத்தின் பாதியாவது ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்தால், அதை ஒரு தடவை காட்டியதாக யூரியூப் கணக்கெடுக்கும். அப்படி நூறு தடவை காட்டியதில் எத்தனை தடவை அழுத்தினார்கள் என்பதுதான் அந்த எண். வட்ஸ்அப்பில் மாமி அனுப்பிய இணைப்பால் வந்தவர்கள் அதில் சேரமாட்டார்கள். முதல்நாள் உம்மைத் தெரிந்தவர்களுக்குத்தான் படம் போனது. பிறகு யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் உம்மைத் தெரியாதவர்களுக்கும் போனது. ஆட்கள் பெருக வீதம் இறங்கத்தான் செய்யும். சனல்களிலும் காணொளிகளிலும் பாதி, 2 முதல் 10 வீதத்துக்குள் நிற்பதாக யூரியூப்பே சொல்கிறது.

எனக்குக் கவலை தந்தது உம்முடைய முகப்புப் படம். நீர் வாயைப் பிளந்தபடி நிற்கிறீர். தலைக்கு மேலே சிவப்பு எழுத்து. 2017இல் திறந்த, 260 மீற்றர் நீளத்துக்கு மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் அந்தக் கோபுரத்தின் அழகான பாதை உம்முடைய தோளுக்குப் பின்னால் மறைந்துபோனது. அதைக் காட்டும், தம்பி. வளைவு முழுதும் தெரிய, அதில் சின்ன உருவமாக அம்மா நடந்துபோகிற படம் போதும். கைபேசியில் அது பெருவிரல் அளவுதான் இருக்கும். அதனால் படத்தில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். வலது கீழ்மூலையில் நேரம் காட்டும் பெட்டி விழும், அங்கே ஒன்றும் எழுதாதேயும். இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளில் பலர் தமிழைக் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களுக்குப் படமே பேசவேண்டும். தலைப்பு நீண்டால் கைபேசி பின்பாதியை வெட்டிவிடும். இடத்தின் பெயரை முன்னுக்கு வையும்.

கிளிக் வீதத்தைத் தனியாகப் பார்க்காமல், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதோடு சேர்த்துப் பாரும். அழுத்தியவர்கள் குறைவு, வந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள் என்றால் படத்தை மாற்றினால் போதும். நிறையப் பேர் வந்து அரை நிமிடத்தில் போனால், படம் சொன்னது உள்ளே இல்லை என்று அர்த்தம். யூரியூப் 2012இலேயே பார்வை எண்ணிக்கையை விட்டுப் பார்க்கும் நேரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. இப்போது யூரியூப் ஸ்டூடியோவில் மூன்று முகப்புப் படங்களைப் போட்டிக்கு விடலாம். அதிலும் வெற்றியைத் தீர்மானிப்பது பார்க்கும் நேரம்தான்.

இன்னொன்று. உதவி கேட்டு வந்தவர்களின் அழுகையை முகப்புப் படமாகப் போடும் பழக்கம் ஊர்ச் சனல்கள் சிலவற்றில் பரவியிருக்கிறது. கிளிக் வரும் என்பது உண்மை. அப்படி அழும் ஒரு தாயின் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பதும் உண்மை. எத்தனை வீதம் கிடைத்தாலும் அதைச் செய்யாதேயும்.

இந்தச் சனி, ஞாயிறில் வெளிச்சம் இருக்கும்போதே கோபுரத்துக்குப் போய் மூன்று படங்கள் எடும். அதில் ஒன்று எழுத்தே இல்லாமல் இருக்கட்டும். மூன்றையும் போட்டிக்கு விட்டு, இரண்டு கிழமை கழித்து எனக்கு எழுதும்.

அன்புடன்,
அண்ணா