வெளியே போகும் மெயிலை முதலில் பாருங்கள்

கடலூர் சிப்காட்டில் ஏற்றுமதி செய்யும் ஆலையானாலும் சரி, சிதம்பரத்தில் சேர்க்கைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் மெயில் அனுப்பும் கல்லூரியானாலும் சரி, சொந்த டொமைன் இருந்தால் சர்வர் அறையில் ஒரு மெயில் கேட்வே இருப்பது நல்லது. சிஸ்கோ, பாரகுடா போல விலை கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். பழைய சர்வரில் இலவசமாக நிறுவிய பிராக்ஸ்மாக்ஸாகவும் இருக்கலாம். முகப்புப் பக்கத்தில் எத்தனை ஸ்பாம் தடுத்தோம் என்று வண்ண வண்ணமாகக் காட்டும். அந்தப் படத்தால் பெரிய பயன் கிடையாது. தடுத்ததைத் தடுத்தாயிற்று. கவனிக்க வேண்டியது, அது தடுக்காமல் விட்டதையும் நம் பெயரில் வெளியே போவதையும்தான்.

முதல் வேலை, எல்லா மெயிலும் கேட்வே வழியாகத்தான் போகிறதா என்று உறுதி செய்வது. பல அலுவலகங்களில் உள்ளே வருவது மட்டும் அந்த வழியில் வரும். போவது நேராக வெளியே போய்விடும். மெயில் சர்வரில் வெளியேறும் பாதையைக் கேட்வேக்குத் திருப்புங்கள். பிராக்ஸ்மாக்ஸில் உள்ளிருந்து வருவதற்கு, நீங்கள் மாற்றாதவரை, போர்ட் 26. பிறகு ஃபயர்வாலில், கேட்வேயைத் தவிர வேறு எந்த இயந்திரமும் போர்ட் 25 வழியாக வெளியே போகாதபடி அடையுங்கள். மறுநாள் காலையில், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின் ஓடவில்லை, சம்பள மென்பொருள் ஓடவில்லை என்று போன் வரும். வரட்டும். உங்களுக்குத் தெரியாமல் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தவற்றின் பட்டியல் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

அடுத்தது லாக். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். கேட்வேயின் வட்டில் இடம் போதாமல் பழைய லாக் அழிந்துபோகலாம். அதனால் சிஸ்லாக் மூலம் வேறொரு இயந்திரத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

பிறகு இரண்டு வாரம் எந்த விதியையும் மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் குறித்து வையுங்கள். பக்கத்தில் உள்ளூர் நாட்காட்டி இருக்க வேண்டும். தேர்வு முடிவு வரும் நாளில் கல்லூரியின் மெயில் பல மடங்கு கூடுவது இயல்பு. ஆருத்ரா தரிசனத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்ட நாளில், கணக்குப் பிரிவு ஐடி ஒன்று நள்ளிரவில் நூற்றுக்கணக்கான புது முகவரிகளுக்கு அனுப்பினால், விசாரணையே வேண்டாம்; கடவுச்சொல் போய்விட்டது.

அன்றாடம் பத்து நிமிடம் போதும். அதிகம் அனுப்பிய பத்து ஐடிகள், திரும்பி வந்தவை, க்யூவில் தேங்கியவை, நம் டொமைன் பெயரில் வந்து டிமார்க் சோதனையில் தோற்றவை. கல்லூரிக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் கூகுள் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்றே பேர்! ஒரு மாணவரின் ஐடி திருடுபோனால், அடுத்த வாரம் அனுப்பும் ஹால் டிக்கெட் மெயில் எல்லோருக்கும் ஸ்பாமில் போய் விழலாம்.

"மெயில் வரவே இல்லை சார்" என்ற புகாருக்கு மெசேஜ் டிராக்கிங் இருக்கிறது. அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, ஏறக்குறைய எத்தனை மணி என்று மூன்றையும் கேளுங்கள். 250 என்றிருந்தால் எதிர்முனை சர்வர் வாங்கிக்கொண்டது. அவர்களின் ஸ்பாம் பெட்டியைத் தேடச் சொல்லுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, கேட்வே தானே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் நிராகரிப்பு. காரணம் அதே வரியிலேயே எழுதியிருக்கும். தேடலில் ஒன்றுமே அகப்படவில்லை என்றால் மெயில் உங்கள் வாசலுக்கே வரவில்லை.

மேலாளருக்கு வாரம் ஒரு பக்கம் போதும். கேட்வே தானாகத் தயாரிக்கும் நீண்ட பி.டி.எஃப்.பை அப்படியே அனுப்பினால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். சென்ற வாரத்தைவிட எது மாறியது, ஏன், என்ன செய்தோம் என்று எழுதுங்கள். யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பது அதில் இடம்பெறக் கூடாது. மெயில் போக்குவரத்து கண்காணிக்கப்படுகிறது என்பதை ஊழியர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஏற்றுமதியாளருக்குப் பெரிய ஆபத்து வைரஸே இல்லாத மெயில். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று, ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனிலிருந்து வரும்; கேட்வே விட்டுவிடும். முதலாளியின் பெயரில் வெளி முகவரியிலிருந்து வருபவற்றுக்கு எச்சரிக்கை வரி சேர்க்க ஒரு விதி எழுதுங்கள். அந்த விதியில் சிக்கியவற்றைத் தினமும் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க, சம்பவம் கவனத்துக்கு வந்ததிலிருந்து ஆறு மணி நேரம்தான்.

கேட்வேயையும் சந்தேகிக்க வேண்டும். 2022 அக்டோபர் முதலே சில பாரகுடா பெட்டிகளுக்குள் ஊடுருவல்காரர்கள் இருந்தது 2023 மே மாதம்தான் வெளிப்பட்டது. பாதிக்கப்பட்டவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்று நிறுவனமே சொன்னது. நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

கடைசியாக, புயல். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் வர வாரங்கள் ஆயின. அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள்தான் காத்திருந்து முயலும். பிறகு மெயிலைத் திருப்பிவிடும். ஐப்பசி பிறக்கும் முன்பே வெளியூரில் இரண்டாவது கேட்வே ஒன்றை எம்.எக்ஸ். பதிவில் சேர்த்துவிடுங்கள். ஸ்பாம் அனுப்புவோர் இரண்டாவது வாசலைத் தேடித் தட்டுவார்கள் என்பதால் அதே விதிகள் அங்கேயும் வேண்டும். அதன் லாக்கும் அன்றாடப் பத்து நிமிடத்துக்குள் வர வேண்டும்.