கொடுத்த நூலுக்காக வருந்தலாமா?

போகிக்கு முன்னாலோ வீடு மாறும்போதோ பரண் காலியாகிறது. எம்பிராய்டரி நூல், சம்கி, பாசிமணி, உல்லன் உருண்டை, பாதியில் நின்ற ஒயர் கூடை, ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பட்டுத் துணி என்று வருஷக்கணக்காகச் சேர்ந்தவை யார் யார் வீட்டுக்கோ போய்விடுகின்றன. சில நாள் நிம்மதியாக இருக்கிறது. பிறகு கடையில் அதே மயில்கழுத்து நிற நூலைப் பார்த்ததும் மனசைப் பிசைகிறது. இதை வெளியே சொல்பவர்கள் குறைவு. சொன்னாலும் கிடைக்கும் பதில் ஆறுதலாக இருப்பதில்லை. நம் வீடுகளில் வழங்கும் சில நம்பிக்கைகள் இந்த வருத்தத்தை வேண்டாத அளவுக்குப் பெரிதாக்குகின்றன. அவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நூல்கண்டுக்கெல்லாம் வருந்துவது அசட்டுத்தனம், இல்லாவிட்டால் ஏதோ மனக்கோளாறு.

உண்மை: இரண்டுமே இல்லை. கைவேலைப் பொருள் ஒவ்வொன்றும் ஒரு திட்டத்தோடு வீட்டுக்குள் வந்திருக்கும். மகளின் பாவாடைக்கு மாங்காய் பார்டர், தங்கையின் சீமந்தத்துக்கு ஆரி வேலை செய்த ஜாக்கெட் என்று அதற்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். நூல் போகும்போது அந்தக் கணக்கும் முடிந்துபோகிறது. செய்யாமல் போன வேலைக்காக மனசு வலிப்பது இயல்புதான். பொருட்களைப் பதுக்கும் கோளாறு என்று ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு அதைத் தனி நோயாகச் சேர்த்தது. எதையும் கழிக்க மனம் வராமல், அறைகள் புழங்க முடியாதபடி நிறைந்துபோவது அதன் முக்கிய அடையாளம். கொடுத்துவிட்டுக் கலங்குகிறவருக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

நம்பிக்கை 2: இவ்வளவு வருத்தம் வருகிறதென்றால் கொடுத்ததே தப்பு.

உண்மை: வருத்தத்தின் அளவை வைத்து முடிவு சரியா தப்பா என்று சொல்ல முடியாது. நம்முடையது என்று ஆனவுடனேயே ஒரு பொருளின் மதிப்பு நம் மனசில் ஏறிவிடுகிறது. டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பை வைத்திருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, மற்றவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்போதுதான் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படியென்றால், கல்யாணத்துக்கு முன்பிருந்து கூடவே வந்த நூல் பெட்டிக்கு எப்படி இருக்கும்?

தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களில் செய்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. சமீபத்தில் செய்த காரியங்களுக்காக வருந்துகிறோம். வாழ்க்கையை நெடுகத் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டவைதான் அதிகம் உறுத்துகின்றன. நூலைக் கொடுத்ததைவிட, தைக்க ஆசைப்பட்டுத் தைக்காமலே இருந்துவிடுவதுதான் பின்னாளில் கனக்கும்.

நம்பிக்கை 3: வைத்திருந்தால் என்றைக்காவது உதவியிருக்கும்.

உண்மை: சில உதவியிருக்கும், பல உதவியிருக்காது. கண்ணாடிப் பாசி கெடாது. உல்லன் என்று கடைகளில் நாம் வாங்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். அதைப் பூச்சி தின்னாது. அசல் கம்பளியும் பட்டும் அப்படியில்லை, இரண்டும் அந்துப்பூச்சிப் புழுவுக்கு உணவு. ஃபேப்ரிக் பெயின்ட் புட்டியிலேயே காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீர் ஊற்றி இளக்க முடியாது. எலாஸ்டிக் இழுவை போய் நொய்ந்துவிடும். பரண் வெக்கையில் வருஷக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக் ஒயர், சிவன் கண் முடிச்சை இறுக்கும்போதே விண்டுபோகலாம்.

எம்பிராய்டரி நூலையும் பார்ப்போம். வழக்கமான ஒரு கட்டில் 8 மீட்டர் இருக்கும், ஆறு இழை சேர்ந்தது. ஈரமும் வெளிச்சமும் படாமல் இருந்தால் பருத்தி நூல் நெடுங்காலம் தாங்கும். ஜன்னலோரத்தில் வெயில் பட்டுக் கிடந்த நூலில் ஒரு இழையைப் பிரித்து இரண்டு கையாலும் சுண்டிப் பாருங்கள், பட்டென்று அறும். அந்த நூலில் போட்ட பூ துவைக்கும்போது பிரிந்துவரும். பரணை விட்டுப் போனவை நம் நினைவில் மட்டும் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருக்கின்றன. இழந்ததைக் கணக்கிடும்போது பரணில் இருந்த நிலையை வைத்துக் கணக்கிடுவதே நியாயம்.

நம்பிக்கை 4: அம்மாவின் தையல் பெட்டியைக் கொடுத்ததோடு அம்மாவின் நினைவையும் கொடுத்தாயிற்று.

உண்மை: அம்மா கையில் தேய்ந்த குரோஷா ஊசியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அது இழப்புத்தான். அதை இல்லையென்று சாதிக்க வேண்டாம், அழ வேண்டுமென்றால் அழுதுவிடுங்கள். ஆனால் நினைவைக் காக்க வேறு வழிகளும் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்து, 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நெஞ்சுக்கு நெருக்கமான பொருட்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுக்கச் சொன்ன இடத்தில் 613 பொருட்கள் சேர்ந்தன. வெறுமனே கொடுக்கச் சொன்ன இடத்தில் 533. படம் கையில் இருந்தால் பொருளை விட மனசு கொஞ்சம் இடம் கொடுக்கிறது.

பெட்டி ஏற்கெனவே போய்விட்டதா? அம்மா பின்னிய மேஜை விரிப்போ தலையணை உறையோ சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ இருக்கலாம். போய்ப் படம் எடுத்து வாருங்கள். எந்தத் தையலை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

நம்பிக்கை 5: கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டால் மனசு ஆறிவிடும்.

உண்மை: அப்படி வாங்கியவை பெரும்பாலும் மறுபடி பரணுக்குத்தான் போகும். வாங்குவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: என்ன செய்யப் போகிறேன், யாருக்கு, எந்த மாதத்துக்குள்? மூன்றுக்கும் பதில் இருந்தால், அந்த ஒரு வேலைக்கு வேண்டிய நூலை மட்டும் தயங்காமல் வாங்குங்கள். பெட்டி போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. விட்டுப்போன காம்புத் தையலும் சங்கிலித் தையலும் ஊசியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் போட்டதும் திரும்பி வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றோ "அதான் கடையில கிடைக்குதே" என்றோ சொல்லாதீர்கள். "அதை வெச்சு என்னம்மா செய்யணும்னு நினைச்சிருந்தே?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல, அது இனித் தொடங்க வேண்டிய வேலையா, விட்டுவிட வேண்டிய ஆசையா என்பது அவருக்கே தெரிந்துவிடும்.