வில்லும் பேஸ் கிடாரும் – நாமே செய்து பார்ப்போம்!

நம்ம ஒன்பதாம் வகுப்பு அறிவியல்ல 'ஒலி' பாடம் இருக்கு. அதிர்வு, அதிர்வெண் எல்லாம் மனப்பாடம் பண்ணியாச்சு. அது நம்ம ஊர்க் கொடையில கேட்கிற வில்லுப்பாட்டுலேயே இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

வில்லின் பாகங்கள்:
1. வில் – பனை அல்லது மூங்கில், சுமார் 10 அடி நீளம்.
2. நாண் – முறுக்கிய தோல் அல்லது கயிறு.
3. மணிகள் – வில்லில் வரிசையாகத் தொங்கும்.
4. வீசுகோல் – நாணைத் தட்டும் இரண்டு கோல்கள்.
5. குடம் – மண்குடம். அசையாமலிருக்க அடியில் புரிமணை வைப்பார்கள். குடத்தின் வாயில் பத்தியால் அடிப்பார்கள்.
கூடவே உடுக்கு, தாளம், கட்டை.

வேலை செய்யும் விதம்: வீசுகோல் பட்டதும் நாண் அதிரும், மணிகள் குலுங்கும். நாண் மெல்லியது. அதனால் கொஞ்சம் காற்றைத்தான் தள்ள முடியும். வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவதால் அதிர்வு குடத்துக்குப் போகிறது. குடமும் அதன் உள்காற்றும் சேர்ந்து அதிர, சத்தம் பெரிதாகிறது. கரண்டு தேவையில்லை!

பேஸ் கிடாரிலும் இதே கதைதான். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் கிடாரில் 4 கம்பிகள், ஒவ்வொன்றும் 34 அங்குலம். மிகத் தடித்த கம்பி நொடிக்கு சுமார் 41 தடவை அதிரும். கம்பி தடிக்கத் தடிக்க சுரம் இறங்கும். இழுத்துக் கட்டினால் ஏறும். நடுவில் 17 அங்குலத்தில் அழுத்தினால் அதிர்வெண் இரண்டு மடங்காகி மேல் 'ஸ' வரும். குடத்துக்குப் பதில் அங்கே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். இரும்புக் கம்பி காந்தத்தின் மேல் அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும். அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். நம்ம தோல் நாணை அதில் கட்டினால் ஒன்றும் கேட்காது. ஏன்? தோலைக் காந்தம் இழுக்காதே!

வீட்டில் செய்ய: 4 அடி மூங்கில் கம்பின் இரு முனையிலும் வெட்டுக்குழி போட்டு, லேசாக வளைத்து நைலான் கயிறு கட்டுங்க. (பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கணும். கம்பு விடுபட்டா முகத்துல அடிக்கும்.) பழைய சலங்கை மணி 5 கோர்த்துத் தொங்க விடுங்க. முதலில் கையில் பிடித்துத் தட்டுங்க. பிறகு மண்பானையின் கழுத்தோடு சேர்த்து வைத்துத் தட்டுங்க. வித்தியாசம் காதுக்கே தெரியும். பானையில் பாதி தண்ணீர் ஊற்றி வாயில் தட்டினால் சத்தம் மாறும். உள்ளே காற்றின் இடம் குறைவதுதான் காரணம்.

இந்த வருஷம் பக்கத்து ஊர்க் கொடையில வில்லு வைக்கலை, கச்சேரி மட்டும்தான். கச்சேரியில பேஸ் கிடார் நல்லாத்தான் இருந்துச்சு. அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனா காரையாறு பக்கம் நடந்ததாகச் சொல்லும் முத்துப்பட்டன் கதையை விடிய விடியச் சொல்ல கிடாருக்குத் தெரியாதே! வில்லு போனா கதையும் போயிடும்.

'வில்லுல ஆம்பிளைதான் உட்காரணும்'னு சிலர் சொல்றாங்க. கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மா சின்ன வயசுலேயே பாட வந்து, வில்லடித்தே பெயர் வாங்கினவங்க. 2018-ல் காலமானாங்க. நம்ம திருநெல்வேலிச் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022-ல் மறைந்தார். அடுத்து யார்?

நம்ம ஆண்டு விழாவுக்கு ஒரு வில்லு கட்டலாமா? பானை கொண்டுவர நான் தயார். கம்பு, கயிறு, மணி தருபவர்கள் பெயர் கொடுங்க. அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பி எல்லாரும் வரலாம்.

யோசிக்க: நாணை இன்னும் இறுக்கிக் கட்டினால் சுரம் ஏறுமா, இறங்குமா? விடை அடுத்த இதழில்!

– 9-ஆம் வகுப்பு மாணவி